ரீப்பர்: வீட்டில் பாட்டுப் பதிவோருக்கு ஏற்ற மென்பொருளா?

என் தமக்கையார் நாற்பது ஆண்டுகளாக வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் பலர் இன்று வெளியூர்களில் இருக்கிறார்கள். அவர் பாடிக் கேட்ட கீர்த்தனைகளையும் விருத்தங்களையும் ஒழுங்காகப் பதிந்து அனுப்பும்படி அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கைபேசியில் பதிந்து பார்த்தோம். பாட்டைவிட மின்விசிறியும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும்தான் தெளிவாகக் கேட்டன. ஆகவே ஒரு கண்டென்சர் மைக்கும், மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டு சேர்க்கும், இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் வாங்கினேன். அவற்றோடு பயன்படுத்த, பாட்டைப் பதிந்து வெட்டிச் சேர்க்கும் ஒரு மென்பொருளைத் தேடியபோது அகப்பட்டதுதான் ரீப்பர். ஒலிப்பொறியியல் எதுவும் படிக்காத ஒருவன் ஒன்றரை ஆண்டுகள் அதனோடு மல்லுக்கட்டிய பிறகு எழுதும் மதிப்பீடு இது.

ரீப்பரை உருவாக்கியவர் ஜஸ்டின் ஃப்ராங்கல். தொண்ணூறுகளின் இறுதியில் கணினியில் பாட்டுக் கேட்டவர்கள் அனைவருக்கும் பழக்கமான வின்ஆம்ப்பை எழுதியவரும் அவரே. காக்கோஸ் என்னும் அவருடைய சிறிய நிறுவனத்திலிருந்து 2005-இல் ரீப்பர் முதன்முதலாக வெளிவந்தது. இப்போது புழக்கத்தில் உள்ள ஏழாம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. இவ்வகை மென்பொருள்கள் பலவும் பல ஜிபி அளவில் இறங்கும்போது, இதன் நிறுவுகோப்பு சில பத்து எம்பிக்குள் அடங்கிவிடுகிறது; என் பழைய மடிக்கணினி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். அறுபது நாட்கள் எந்த வசதியும் குறைக்கப்படாமல் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் பிறகு தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் சிறு வருமானம் உள்ளவர்களுக்கும் உரிமத்தின் விலை 60 டாலர். பெரிய வணிகப் பயன்பாட்டுக்கு 225 டாலர். நம் பணத்தில் முதலாவது ஐயாயிரம் ரூபாயைச் சற்றே தாண்டும். இரண்டு உரிமங்களுக்கும் மென்பொருள் ஒன்றுதான். மலிவான உரிமத்துக்கு வெட்டிக் குறைத்த பதிப்பைத் தரும் வழக்கம் இங்கே இல்லை.

விலை பற்றிய நல்ல சொல் இத்தோடு முடிகிறது, ஏனெனில் முதல் நாள் அனுபவம் இனிமையாக இருப்பதில்லை. திறந்தவுடன் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுத் திரை. வரவேற்பு இல்லை, மாதிரிப் பாட்டு இல்லை, எங்கே தொடங்குவது என்று கைபிடித்துக் காட்டும் ஏற்பாடு இல்லை. இடது பக்க வெற்றிடத்தில் இரண்டு முறை சொடுக்கினால் ஒரு ட்ராக் (ஓர் ஒலிக்கான தனித் தடம்) பிறக்கும் என்பதையும், அந்த ட்ராக்கில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தி அதைப் பதிவுக்கு ஆயத்தப்படுத்தாதவரை கீழே உள்ள பெரிய பதிவுப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் குரல் பதியாது என்பதையும் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். நான் முதலில் பதிந்த மூன்று நிமிடப் பாட்டு இடது காதில் மட்டுமே கேட்டது. இயர்போன் பழுது என்று எண்ணி மாற்றிப் பார்த்தேன். ட்ராக்கின் உள்ளீட்டை ஸ்டீரியோ என்று வைத்திருந்ததால், மைக் செருகியிருந்த முதல் உள்ளீடு இடப்பக்கமாகவும், ஒன்றும் செருகாத இரண்டாம் உள்ளீடு வலப்பக்கமாகவும் பதிந்திருக்கின்றன. மோனோ, உள்ளீடு ஒன்று என்று மாற்றியதும் குரல் நடுவில் வந்து நின்றது. ரீப்பர் சொன்னதைத்தான் செய்தது. இந்த மென்பொருளில் நான் சந்தித்த தொல்லைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே: ஒலி மைக்கில் புகுந்து காதுக்கு வரும் வழியில் எங்கோ ஓரிடத்தில் நான் தவறாகத் திருப்பிவிட்ட மதகு.

அந்த வழியில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது தாமதம். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடியபோது, தன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து திரும்பி வருவதுபோல் இரண்டாகக் கேட்கிறது என்றார். கணினி ஒலியைச் சிறு சிறு படிகளாக அளந்து வாங்கித்தான் கையாள்கிறது; அந்தப் படியின் அளவே பஃபர். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்தெடுக்கும், அதாவது நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 512 மாதிரிகள் கொண்ட பஃபர் வைத்தால் உள்ளே வர ஏறத்தாழ 10.7 மில்லிநொடி, வெளியே போக இன்னொரு 10.7 மில்லிநொடி ஆகும். 128 என்று குறைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லிநொடிதான், ஆனால் கணினிக்கு மூச்சுவிட நேரம் இல்லாமல் ஒலியில் சடசடப்பு எழலாம். விண்டோஸில் வழக்கமான ஒலி வழியை விட்டுவிட்டு தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் என்ற இணைப்பு நிரல் வழியாக இன்டர்ஃபேஸை இணைப்பது இதற்காகத்தான். இவ்வளவையும் படித்துப் பஃபரைக் குறைத்த பிறகும் குரல் இரட்டிப்பது நிற்கவில்லை. கடைசியில் காரணம் எளிதாக இருந்தது. இன்டர்ஃபேஸிலேயே பாடுபவரின் குரலை நேரடியாகக் காதுக்கு அனுப்பும் திருகு ஒன்று உண்டு. அதுவும் திறந்திருந்தது, ரீப்பரில் அதே குரலைக் கணினி வழியே காதுக்கு அனுப்பும் ட்ராக்கின் மானிட்டர் பொத்தானும் திறந்திருந்தது. ஒரே குரல் இரண்டு வழிகளில் வந்து மோதியது. மென்பொருளில் மானிட்டரை அணைத்துவிட்டு நேரடி வழியை மட்டும் வைத்துக்கொண்டதும் பிரச்சினை தீர்ந்தது. அப்படிச் செய்தால், பாடும்போது பஃபர் எவ்வளவு இருந்தாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி ஒரு சுருதி மர்மத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் ரீப்பரின் மேல் எனக்கு மதிப்பு ஏற்பட்டது அதனால்தான். அக்கா ஐந்து கட்டையில் பாடுபவர். பதிந்த பாட்டை என் கணினியில் கேட்டால் ஐந்து கட்டையிலேயே நிற்கிறது. அதையே கோப்பாக்கி அனுப்பினால், வெளியூரில் உள்ள மாணவி ஒருவர், “அக்கா ஏன் இவ்வளவு மேல் சுருதியில், இவ்வளவு வேகமாகப் பாடியிருக்கிறார்?” என்று கேட்கிறார். என் கைபேசியில் போட்டுக் கேட்டேன், உண்மைதான். ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே, எந்தத் தம்புராவிலும் சேராத ஓரிடத்தில் குரல் நின்றது. இரண்டு நாள் குழம்பிய பின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48,000-ஐ 44,100-ஆல் வகுத்தால் 1.088 வருகிறது, சுருதிக் கணக்கில் அது ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம். இன்டர்ஃபேஸோடு வந்த கட்டுப்பாட்டு நிரலில் எப்போதோ ஒருமுறை 44,100 என்று பூட்டியிருக்கிறேன்; ரீப்பரில் 48,000 என்று வைத்திருக்கிறேன். அந்தக் கருவி நொடிக்கு 44,100 மாதிரிகளையே கொடுத்துக்கொண்டு, கேட்டபோது மட்டும் 48,000 என்று தலையாட்டியிருக்கிறது. பதிந்ததும் கேட்டதும் அதே கருவியில் என்பதால் பொய்யும் பொய்யும் சரிக்குச் சரியாகி வீட்டில் சுருதி சரியாக இருந்தது. வேறு கருவிக்குப் போனதும் வெளுத்துவிட்டது.

இரண்டு இடங்களிலும் ஒரே எண்ணை வைத்ததும் புதிய பதிவுகள் சரியாகின. ஆனால் ஏற்கெனவே பதிந்திருந்த பதினோரு பாட்டுகளை என்ன செய்வது? அக்காவை மறுபடி பாடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ரீப்பரில் ஒவ்வோர் ஒலித் துண்டுக்கும் தனித்தனியாகப் பண்புகளைக் காட்டும் ஒரு சாளரம் உண்டு. துண்டைத் தேர்ந்தெடுத்து எஃப்2 விசையை அழுத்தினால் திறக்கும். அதில் சுருதியை மாற்றாமல் காப்பதற்கான குறியை எடுத்துவிட்டு, ஓடும் வேகத்தை 0.91875 என்று கொடுத்தேன். 44,100-ஐ 48,000-ஆல் வகுத்தால் வரும் எண் அதுவே. பாட்டு ஐந்து கட்டைக்கு இறங்கி வந்து அமர்ந்தது. மூலக் கோப்பில் ரீப்பர் கைவைக்கவே இல்லை. நாம் செய்யும் திருத்தங்கள் அனைத்தையும் ஓட்டும்போது மட்டுமே நடத்திக் காட்டுகிறது. தவறு செய்து கற்றுக்கொள்பவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. திரையின் வலது மேல்மூலையில் வேகம், பஃபர், தாமதம், டிரைவர் எல்லாவற்றையும் ஒற்றை வரியில் எப்போதும் எழுதி வைத்திருக்கிறது; கருவியின் கட்டுப்பாட்டு நிரலில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்டுவிட்டுத்தான் இப்போது நான் மைக்கைத் திறக்கிறேன்.

தாளத்துக்கு வருவோம். ரீப்பரின் அடிப்படை எண்ணம், இவ்வகை மென்பொருள்கள் எல்லாவற்றையும் போலவே, நிமிடத்துக்கு இத்தனை அடி என்று கட்டம் போட்ட மேலைத் தாளம்தான். ஆயினும் அதை நம் வழிக்கு வளைக்க முடிகிறது. மிசிர சாப்புக்கு ஏழின் கீழ் எட்டு என்று கொடுத்து, தாள அடிகளைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமில் முதல் அடியையும் நான்காம் அடியையும் அழுத்தமாக ஒலிக்கச் செய்யலாம். ஆதி தாளத்துக்கு எட்டு அடிகளில் ஒன்று, ஐந்து, ஏழு ஆகியவற்றை அழுத்தலாம். எந்த அடி வன்மையாக, எது மென்மையாக என்பதை நாமே வகுத்துக்கொள்ள இடம் தந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு படுகுழி இருக்கிறது. பாட்டைப் பதிந்து முடித்த பிறகு காலப்பிரமாணத்தின் எண்ணை மாற்றினேன். பதிந்த குரல் ரப்பர்போல் இழுபட்டு வேறு வேகத்தில் ஓடியது. புதிய ப்ராஜெக்டில் (ஒரு பாட்டுக்கான வேலைக் கோப்பில்) ஒலித் துண்டுகள் தாள அடிகளோடு ஒட்டிக்கொண்டிருப்பதே இயல்பான அமைப்பு என்பதால், அடியை நகர்த்தினால் குரலும் நகர்கிறது. ப்ராஜெக்ட் அமைப்புகளில் துண்டுகளின் காலக்கணக்கை அடி என்பதிலிருந்து நேரம் என்று மாற்றிவிட்டால் இது நிகழாது. தாளக்கட்டு இல்லாத விருத்தமும் ஆலாபனையும் பதிபவர்கள், முதல் வேலையாக இதை மாற்றிவிட்டு, துண்டுகள் கட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ஸ்னாப் வசதியையும் அணைத்துவிட வேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு வெட்டும் நாம் நினைத்த இடத்துக்கு ஓர் இழை தள்ளியே விழும்.

வெட்டி ஒட்டுவதைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏழாம் பதிப்பின் பெரிய புதுமை, ஒரே இடத்தை நான்கைந்து முறை பாடிப் பதிந்து, அவற்றை ஒரே ட்ராக்குக்குள் அடுக்கடுக்காக வைத்து, எந்த வரி எந்த முறை பாடியதில் நன்றாக அமைந்ததோ அதைச் சுட்டியால் தடவித் தேர்ந்தெடுக்கும் வசதி. மெட்ரோனோமைக் கேட்டுக்கொண்டு பாடிய கீர்த்தனையில் இது அற்புதமாக வேலை செய்கிறது. பல்லவியை முதல் முறையிலிருந்தும், சரணத்தின் இரண்டாம் அடியை மூன்றாம் முறையிலிருந்தும் எடுத்துச் சேர்த்திருக்கிறேன், சேர்த்த இடம் அக்காவுக்கே தெரியவில்லை. விருத்தத்தில் இதனால் பயனில்லை. ஒவ்வொரு முறையும் சங்கதிகள் வேறு, நீளம் வேறு என்பதால் அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பழைய முறையில் ஒவ்வொரு வரியாக வெட்டி நகர்த்துவதே வழி. இதில் நான் பட்ட பாட்டிலிருந்து ஒரு குறிப்பு: தம்புராவை ஒருபோதும் குரலோடு சேர்த்து மைக்கில் விழவிடக் கூடாது. சுருதிப்பெட்டியின் ஓசை குரல் ட்ராக்கில் கலந்திருந்தால், வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் தம்புரா துள்ளும். அதை எந்த மென்பொருளாலும் மறைக்க முடியாது. காதை முழுதும் மூடும் ஹெட்போனில் தம்புராவைக் கேட்டுக்கொண்டு பாடச் செய்து, அதைத் தனி ட்ராக்கில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அறுபடாமல் ஓடவிட வேண்டும்.

ரீப்பரோடு வரும் கருவிகளின் தோற்றம் பழைய கணக்கு மென்பொருளை நினைவூட்டும்; வேலையில் குறை சொல்ல முடியாது. ஒலிச் சமன் செய்யும் ரியாஈக்யூ ஒன்றே என் தேவையில் பாதியைத் தீர்த்துவிட்டது. விசிறிச் சத்தத்துக்கு ரியாஃபிர் இருக்கிறது. பாட்டு தொடங்கும் முன் பத்து நொடி யாரும் பேசாமல் அறையின் ஓசையை மட்டும் பதிந்துகொண்டு, ரியாஃபிரைக் கழிக்கும் முறைக்கு மாற்றி, அந்த ஓசையை ஓட்டி அதற்கு அடையாளம் காட்ட வேண்டும். பின்பு அடையாளம் கற்கும் குறியை எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்தால் குரலையும் இரைச்சல் என்றே கற்றுக்கொண்டு, பாட்டைத் தண்ணீருக்கடியில் அமிழ்த்திவிடும், நான் மறந்திருக்கிறேன். பதியும்போது இதை இயக்கி வைப்பதும் கூடாது, கணக்கிடுவதற்காக அது ஒலியைச் சிறிது பிடித்துவைக்கும். எப்படியானாலும் பதினைந்து நிமிடம் வியர்வையைப் பொறுத்துக்கொண்டு விசிறியை நிறுத்திப் பாடிய பாட்டுக்கு, இரைச்சல் நீக்கிய பாட்டு ஈடாவதில்லை.

சுருதியைத் தானே திருத்தும் ரியாட்யூனைப் பற்றி என் கருத்து கடுமையானது. தோடியின் காந்தாரத்தை அது பிழை என்று எடுத்துக்கொள்கிறது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை நேர்க்கோடாக்கிவிடும் எந்தக் கருவியையும் கர்நாடக சங்கீதப் பதிவில் தானியங்கியாக ஓடவிடுவது, கோலத்தின் மேல் துடைப்பம் போடுவதற்குச் சமம். இது ரீப்பருக்கு மட்டும் உரிய குறையன்று. அரைச்சுரங்களின் படிக்கட்டை மட்டுமே அறிந்த கருவிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஒலியில் சடசடப்பு வரும்போது எங்கே தேடுவது என்பதில் ரீப்பர் மிகுந்த நேர்மையோடு நடந்துகொள்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் செயல்திறன் சாளரத்தில், எந்த ட்ராக் எவ்வளவு உழைப்பை விழுங்குகிறது, எத்தனை முறை ஒலி தவறியது என்பனவெல்லாம் எண்ணிக்கையாகத் தெரிகின்றன. என் கணினியில் உழைப்பு ஐந்து விழுக்காட்டைத் தாண்டாதபோதும் தவறல்கள் ஏறிக்கொண்டே போயின. அப்படியானால் குற்றம் ரீப்பருக்கு வெளியே என்று பொருள். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் வைஃபையை நிறுத்தியதும் எண்ணிக்கை நின்றது. மின்சாரச் சிக்கன அமைப்பையும் மாற்றினேன். இப்போது பதிவு நேரத்தில் இணையத்தைத் துண்டித்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. ஒலி அளவைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: திரையில் ட்ராக்கின் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் பதிவாகும் அளவை மாற்றாது. மைக்கின் அளவை இன்டர்ஃபேஸின் திருகில்தான் வைக்க வேண்டும். மேல் சட்ஜமத்தில் முழுக்குரல் எடுக்கும்போது மானி கழித்தல் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வைத்தால், 24 பிட் பதிவில் தாராளமாகப் போதும். சிவப்பு எரிந்து சிதைந்த குரலைப் பின்னால் ஃபேடரை இறக்கி மீட்க முடியாது.

கோப்புகள் காணாமல் போகும் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரீப்பரின் ப்ராஜெக்ட் கோப்பில் பாட்டு இருப்பதில்லை. பாட்டு எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கிறது. அந்தச் சிறு கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய், எல்லாத் துண்டுகளும் ஆஃப்லைன் என்று காட்டியபோது நெஞ்சு அடைத்தது. வேறு பெயரில் சேமிக்கும் சாளரத்தில், ஒலிக் கோப்புகளையும் ப்ராஜெக்டின் உறைக்குள் (ஃபோல்டருக்குள்) நகலெடுக்கும் குறி ஒன்று உண்டு; முதல் சேமிப்பிலேயே அதை இட்டுவிட்டால் இந்த அவதி இல்லை. ப்ராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. நோட்பேடில் திறந்து, மாறிப்போன உறையின் பெயரைத் திருத்தியே ஒரு பாட்டை மீட்டிருக்கிறேன். ரீப்பருக்குள் இயங்கும் துணை நிரலான பிளகின் ஒன்றின் கோளாறால் ப்ராஜெக்ட் திறக்கவே மறுத்தால், பிளகின்களை உறங்கவைத்துத் திறக்கும் மீட்பு முறையும் திறக்கும் சாளரத்திலேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. மெனுக்கள் கல்யாண வீட்டுச் சாமான் அறைபோல் நெருக்கமாக இருக்கின்றன. கேள்விக்குறி விசையை அழுத்தினால் வரும் செயல்பட்டியலில் ஆயிரக்கணக்கான கட்டளைகள் உள்ளன, தேடும் சொல் தெரிந்தால் வரம், தெரியாவிட்டால் வனம். நானூறு பக்கங்களைத் தாண்டும் பயனர் கையேட்டையும், கென்னி ஜியோயா செய்துள்ள தெளிவான பாடக் காணொளிகளையும் இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் அவை ஆங்கிலத்தில் உள்ளவை, எடுத்துக்காட்டுகள் கிட்டாரையும் டிரம்ஸையும் விட்டு நகர்வதில்லை. வாத்திய ஒலிகள் அநேகமாக இல்லை. ஓர் எளிய சிந்தசைசரும் ஒரு சாம்ப்ளரும் உண்டு. மிருதங்கமோ வீணையோ வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் தேடிச் சேர்க்க வேண்டும். வாசிப்பவர் இல்லாமல் கணினியிலேயே முழுப் பாட்டையும் கட்ட நினைக்கும் இளைஞர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஒரு சொற்பொழிவையோ ஒற்றைக் குரலையோ பதிந்து, முன்னும் பின்னும் வெட்டினால் போதும் என்பவர்களுக்கும் இது தேவையில்லை. முற்றிலும் இலவசமான ஆடாசிட்டியே போதும், அதில் கற்றுக்கொள்ள வேண்டியதும் குறைவு. குரல், தம்புரா, வயலின், மிருதங்கம் என்று நான்கு ட்ராக்குகளை வெவ்வேறு நாளில் பதிந்து சேர்ப்பவருக்குத்தான் ரீப்பரின் அருமை தெரியும்.

அறுபது நாள் கழிந்த பிறகும் அது பூட்டிக்கொள்வதில்லை. திறக்கும்போதெல்லாம் சில நொடிகள் நிற்கவைத்து, வாங்கும்படி நினைவூட்டிவிட்டு வழிவிடுகிறது. நான் எழுபத்தைந்தாம் நாள் பணம் கட்டினேன். ஏழாம் பதிப்பில் வாங்கிய உரிமம் 8.99 வரை செல்லும் என்பதால், எட்டாம் பதிப்புக்குக் காத்திருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. அந்த ஐயாயிரம் ரூபாயைக் கட்டும் முன், காதை மூடும் ஹெட்போன் ஒன்றை வாங்கியாகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது பின்னால்தான் வந்தது, அதற்கு முன் பதிந்த நான்கு விருத்தங்களில் தம்புரா இன்னும் துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.